டில்லி மாமியார் சொன்னது

மருமகள் வேலைக்குப் போகிற வீட்டில் மாமியார்தான் உலை வைக்க வேண்டும் என்று டில்லியில் சட்டம் போட்டுவிட்டார்களாம். டெலிவிஷனிலேயே சொல்லிவிட்டார்களாம். ஆனையூர் முழுக்க இதே பேச்சு. எங்கே கேட்டீர்கள் என்று டீக்கடையில் விசாரித்தால் சலூனைக் காட்டினார்கள். சலூன்காரர் ரேஷன் கடை வரிசையைக் காட்டினார். வரிசையில் நின்ற பெண்கள் மாயக்காள் வீட்டைக் காட்டினார்கள். மாயக்காளோ கீரை ஆய்ந்தபடியே, சட்டமாவது ஒன்றாவது, எல்லாம் பக்கத்து வீட்டு ஷரீபா கேட்டுச் சொன்னதுதான் என்றாள்.

ஷரீபா டவுனுக்குள் பிறந்தவள். அம்மா வழியில் உருது பேசும் குடும்பம். கணவன் முகம்மது கனிக்குத் தமிழ் மட்டும்தான். கோபம் வந்தால் மட்டுமே ஷரீபா உருதுக்குப் போவாள் என்பதால், அதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதே நிம்மதி என்று கனி முடிவு செய்திருந்தார். இப்படி யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்த பாஷைக்கு எண்பத்தைந்தில் திடீரென்று மவுசு வந்தது.

அந்த வருஷம்தான் மாயக்காளின் மகன் விருமாண்டி, பருத்தி விற்ற காசில் ஷட்டர் வைத்த கறுப்பு வெள்ளை டெலிவிஷன் ஒன்றை வாங்கி வந்தான். அப்போது மதுரையில் தெரிந்தது டில்லி நிகழ்ச்சி, பேச்செல்லாம் இந்தி. தெருப்பெண்கள் கூடி உட்கார்ந்து, செய்தி வாசிக்கிறவளின் சேலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். ஒருநாள் உறைமோர் வாங்க வந்த ஷரீபா, நின்ற வாக்கிலேயே ஒரு வசனத்தைத் தமிழில் சொன்னாள். அன்று முதல் அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. மாயக்காள் கட்டிலில், மற்றவர்கள் தரையில். மருமகள் செல்லத்தாய்க்கு மட்டும் இடம் கிடையாது. மாமியார் எதிரே உட்காரக்கூடாது என்பதால் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, கையில் கரண்டியோடு பார்ப்பாள்.

வாராவாரம் ஒரு குடும்பக் கதை ஓடியது. ஷரீபா முதலில் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். யாரும் நம்பவில்லை. டில்லி மருமகள் மாமனாரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டதைப் பார்த்து எதிர்வீட்டு அழகம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது மாமனார் இல்லை, அவளைப் பெற்ற அப்பாதான், ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்று ஷரீபா திருத்திச் சொன்னாள். உடனே நம்பினார்கள். அந்த அப்பாவை ஊருக்கு அனுப்ப வழியில்லாமல் பல வாரம் அவள் பட்ட பாடு தனி. ஆனாலும் தன் கையில் இருப்பது என்ன என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது.

செல்லத்தாய் பத்தாவது தேறி, டைப்பும் பாஸ் செய்தவள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மா சொன்னால் சரி என்று விருமாண்டி ஒதுங்கிக்கொண்டான். ரெண்டு பஸ் மாறிப் போய் டைப் அடித்துவிட்டு வந்தால் வீட்டில் சோறு யார் ஆக்குவது என்று மாயக்காள் பேச்சை முடித்துவிட்டாள். குழாயடியில் ஷரீபாவைப் பார்த்தபோது செல்லத்தாய் அழவெல்லாம் இல்லை.

"திங்கக்கெழம போகலைன்னா வேற ஆளப் போட்டுருவாகக்கா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை தொடரிலும் அதே சண்டை வந்தது. டில்லி மருமகளுக்கு வேலை கிடைத்திருந்தது. டில்லி மாமியார் கண்ணில் நீர் தளும்ப, கையை வீசி வீசி, வாசலைத் தாண்டினால் திரும்பி வராதே என்று முழங்கினாள். எல்லோரும் ஷரீபாவைப் பார்த்தார்கள். ஷரீபா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"'போயிட்டு வா தாயி, சோறு நான் ஆக்கிக்கிறேன்'ங்கிறா."

"அதுக்கு எதுக்குடி அழுகுறா?" என்றாள் மாயக்காள்.

"சந்தோசம்க்கா. மருமக உத்தியோகத்துக்குப் போறாள்ல."

"கைய ஏன் அப்புடி வீசுறா?"

"அம்புட்டு பேருக்கும் ஒத்தையா ஆக்கிப்புடுவேன்னு காட்டுறா."

திரையில் மருமகள் ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சேலை மாற்றப் போகிறாள் என்றாள் ஷரீபா.

டில்லிக்காரிக்கு மனசு பெரிசுதான் என்று அழகம்மாள் பெருமூச்சு விட்டாள். மாயக்காளுக்குச் சுருக்கென்றது.

"ஏன், ஆனையூர்க்காரிக்கு என்ன கொறச்சலாம்?" என்றவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, காலையில எத்தன மணிக்குப் பஸ்சு?"

திங்கட்கிழமை செல்லத்தாய் பஸ் ஏறினாள். மாயக்காள் உலை வைத்தாள். வைத்ததோடு நிற்காமல், டில்லி வழக்கமே இதுதான் என்று ரேஷன் வரிசையில் பெருமையடித்தாள். வழக்கம் எந்த இடத்தில் சட்டமானது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி ஓரிரண்டு மருமகள்கள் வீட்டில் பேசியிருக்கிறார்கள்.

சிக்கல் அடுத்த வாரமே வந்தது. டில்லி மருமகள் அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். இன்றைக்கு அவளுக்கு லீவு என்றாள் ஷரீபா. மறுவாரமும் லீவு. அதற்கடுத்த வாரமும். இத்தனை லீவு விடுகிற ஆபீஸ் எது என்று செல்லத்தாயே ஷரீபாவை ஓரமாய் அழைத்துக் கேட்டாள்.

பிறகு கொடைக்கானலில் டெலிவிஷன் கோபுரம் வந்து, மெட்ராஸ் நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்தது. மெட்ராஸ் நாடகங்கள் வீட்டுக்குள் தமிழ் பேசின. ஷரீபா பக்கம் யாரும் திரும்பவில்லை. மெட்ராஸ் மாமியார்கள் இடுப்பில் கொத்துச்சாவியோடு மருமகளை மிரட்டினார்கள். ஒருத்திகூடச் சோறாக்கவில்லை. மாயக்காள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் நாடகம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஷரீபாவை மட்டும் நிறுத்தினாள்.

"டில்லியில அம்புட்டு நல்லவளா இருந்தாளுக, மெட்ராசுக்கு வந்ததும் ஏன்டி இப்புடி ஆயிட்டாளுக?"

தண்ணி அப்படி என்றாள் ஷரீபா. மாயக்காள் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அவ நெசமா என்ன சொன்னா?"

"சொல்றேன்க்கா. இன்னொரு நாளைக்கி நிதானமா உக்காந்து சொல்றேன்."

மாயக்காள் வற்புறுத்தவில்லை, காலைக்கு அரிசி களைய எழுந்து போனாள். பார்க்கும்போதெல்லாம் கேட்கத்தான் கேட்கிறாள். நோன்பு முடியட்டும் என்றாள் ஷரீபா, முடிந்தது. பெருநாள் போகட்டும் என்றாள், அதுவும் போய்விட்டது. பதில் இன்னும் பாக்கிதான்.