பதினாறு சொற்களும் ஒரு கட்டைவிரலும்

செண்பகனூர் அறையில் விழித்ததும் பல் விளக்குவதற்கு முன்பே கைப்பேசியைத்தான் எடுப்பேன். அதில் தினம் ஒரு சொற்புதிர் வரும். கட்டங்களில் பதினாறு சொற்கள் இருக்கும். ஒன்றோடொன்று சேர்வதை நாலு நாலாகப் பிரிக்க வேண்டும். நாலாவது தப்பில் ஆட்டம் முடிந்துவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். கடைசியில் விடை தெரியாதபடி வெறும் வண்ணக் கட்டங்களாக ஒரு படம் வரும். அதைப் பெங்களூரில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பிவிட்டு, வெரசாகக் குளித்து, டவுன் பஸ் பிடித்து, கொடைக்கானலில் நான் வேலை பார்க்கும் லாட்ஜின் வரவேற்பு மேஜையில் போய் உட்காருவேன். அங்கே நாள் முழுக்கப் பேச்சுதான். சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும், போட்டிங் எங்கே, ரூமில் ஹீட்டர் உண்டா. என்னிடம் பேசுகிற பேச்சு என்று ஒன்றும் இருக்காது.

அவனும் நானும் மதுரையில் கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறை. புதிரை அங்கேதான் ஆரம்பித்தோம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அவன் வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். நான் பிரிக்கிற விதம் அவனுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒருமுறை ஆடு, வேலி, முள், செருப்பு நாலையும் ஒன்றாகச் சேர்த்தேன். எப்படிடா என்று கேட்டான். ஆடு வேலியைத் தாண்டும், விரட்டிக்கொண்டு போனால் முள் குத்தும், செருப்பு வேண்டாமா என்றேன். சிரித்து முடித்துவிட்டு, "நீ படிக்கிறது காலேஜ்லடா, யோசிக்கிறது இன்னும் தோட்டத்துலதான்" என்றான்.

வேலைக்குப் போன புதிதில், படத்தை அனுப்பியதும் கூப்பிடுவான். எங்கே தப்பு செய்தேன் என்று அரைமணி நேரம் சண்டை. நான் ஒழுங்காகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டபின் சண்டைக்கு எதுவும் மிஞ்சவில்லை. அழைப்பு நின்றது. அவன் படம் அனுப்புவதும் நின்றது. நான் அனுப்பும் படத்துக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் வரும். அந்தக் கட்டைவிரலுக்காக நூறு நாளுக்கு மேல் ஒருநாள்கூடத் தோற்காமல் விளையாடினேன். ஒருநாள் தோற்றால் கூப்பிடுவான் என்றும் மனசுக்குள் இருந்தது. ஆனால் வேண்டுமென்றே தோற்க மனம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டு மேலே எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வீட்டில் சிக்னல் கிடையாது. காலையில் பஸ்ஸிலேயே புதிரைத் திறந்து, ரெண்டு கூட்டம் பிரித்து, மூன்று தப்பும் போட்டு, எட்டுச் சொல் மீதி இருக்கும்போது நிறுத்தியிருந்தேன். மத்தியானம் அம்மா வாசலில் சாக்கை விரித்துப் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தது. பெருசு ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம், விதைக்கு ஒரு பக்கம். நான் எதிரே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெள்ளனே வந்தவன் ஒரு வார்த்த பேசல. அதுல அப்படி என்னதான் கெடக்கு?" என்றது அம்மா.

எட்டுச் சொல்லையும் வாசித்துக் காட்டினேன். கயிறு, சாக்கு, தார்ப்பாய், கூடை, மழை, இலை, அருவி, நிழல். இதை ரெண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும் என்றேன். எனக்கு விடை அதற்குள் தெரிந்திருந்தது. மழை, இலை, அருவி, நிழல் நாலும் விழுபவை. மற்ற நாலும் சுமைக்கு உள்ளவை.

அம்மா கையில் இருந்த பூண்டை விதைப் பக்கம் போட்டது. "கயிறு, சாக்கு, தார்ப்பாய், மழை" என்றது.

மழை எப்படிச் சேரும் என்று கேட்டேன்.

"மழ இல்லேன்னா தார்ப்பாய் எதுக்குடா?"

"அப்ப கூடை?"

"கூடைய எறக்கி வச்சுட்டு, அருவிப் பக்கம் நெழல்ல உக்காந்து, இலையப் போட்டுச் சோறு திங்கிறது. மொத நாலும் லோடு ஏத்துற சோலி, இது நாலும் சோத்து நேரம். இதுக்கா காலேஜு படிச்ச?"

எனக்கு அந்த இடம் தெரியும். கூடையை இறக்கியபின் அம்மாவின் தலையில் துணிச் சும்மாடு அப்படியே இருக்கும், அதோடேதான் சாப்பிடும். அம்மா சொன்ன நாலையும் ஒவ்வொன்றாக அழுத்தினேன். அம்மாவுக்காக அழுத்தினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. கடைசிச் சொல்லில் விரலை வைக்கும்போது, இன்றைக்கு அவன் கூப்பிடுவான் என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்தது. சரியான விடை திரையில் வந்தது.

"சரியாடா?" என்றது அம்மா.

"சரிதாம்மா."

அம்மா திரும்பவும் பூண்டில் குனிந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

சாயங்கால பஸ் டவுனை நெருங்கும்போது சிக்னல் வந்தது. படத்தை அனுப்பினேன். ஒரே நிறமாக ரெண்டே வரிசை, மற்ற நாலிலும் நிறங்கள் கலந்து கிடந்தன. தோற்ற ஆட்டம் என்று யாருக்கும் ஒரு பார்வையில் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. அதே கட்டைவிரல்.

செண்பகனூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "தோத்துட்டேன்டா, பாத்தியா?" என்று அனுப்பினேன். அவன் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி இரண்டும் வந்தன. அறைக்கு வந்து கதவைத் திறக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. இன்னொரு கட்டைவிரல்.

அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே அவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். இந்த நூறு நாளில் எத்தனை நாள் நான் அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தான் என்பது மட்டும் உறுத்தியது. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் நான் எதுவும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டு எதுவும் வரவில்லை.

இன்று வியாழன். காலையில் புதிரைத் திறந்தேன்; எதையும் அழுத்தவில்லை. லாட்ஜிலிருந்து கொண்டுவந்த பழைய பதிவுத் தாளின் பின்பக்கத்தில் பதினாறு சொற்களையும் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். போன வாரம் ஜெயித்துவிட்டதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.