தங்கச்சியிடம் சொல்லாமல் விட்ட புழுதிக்காற்று

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் மே மாதத்தில்தான் சேர்ந்தாற்போல் இரண்டு வாரம் லீவு கிடைத்தது. மகளுக்கும் பள்ளி விடுமுறை. புதுக்காரை எடுத்துக்கொண்டு நெய்வேலியிலிருந்து ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் வரை போய், பாலைவனத்தைப் பார்த்துவிட்டு வருவதென்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். மே மாதத்திலா என்று அவர்கள் குடியிருக்கிற பிளாக்கில் எல்லோரும் சிரித்தார்களாம். எங்க அக்கா அந்தப் பக்கம் இரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள், அவளிடம் கேட்டுக்கொண்டு போகிறோம் என்று தங்கச்சி பதில் சொல்லியிருக்கிறாள்.

நான் அந்தப் பக்கம் இருந்தது உண்மைதான். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பழுது பார்க்கிற கான்ட்ராக்ட் ஃபிட்டர். பிகானேர் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஆள் எடுத்தபோது இரண்டு பேரும் போனோம். கல் பாவிய கூரை போட்ட ஒற்றை அறை. வாரத்தில் ஒருநாள் ஓய்வு. அன்றைக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டார். இரண்டு வருஷத்தில் ஒரு மணல்மேட்டைக்கூட நான் பார்க்கவில்லை. கதவிடுக்கு வழியாக வந்த மணலைப் பெருக்கியதுதான் மிச்சம்.

தங்கச்சிக்கு வாய்த்தவர் நெய்வேலி சுரங்கத்திலேயே பெர்மனென்ட். அவளுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் மாமரம். எங்களுக்கு டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்து என்கிற ஊரில் வாடகை வீடு, மேலே சிமென்ட் ஷீட். பள்ளிக்கூடத்தில் நான்தான் நன்றாகப் படித்தவள். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு முறையாவது மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். டிவியில் மேப் ஓடியது. மகள் நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருந்தாள். அந்த வீட்டில் முதல்முறையாக எல்லோரும் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு உள்ளூர சந்தோஷமாகத்தான் இருந்தது.

விடிவதற்கு முன்னால் வண்டியை எடுக்க வேண்டும், பதினொரு மணிக்குள் ஏதாவது ஓர் அறைக்குள் போய்விட வேண்டும், ஐந்து மணிவரை வெளியே தலைகாட்டக் கூடாது என்றேன். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கிற அறையை வாங்காதீர்கள், ராத்திரி முழுக்க அனல் இறங்கும். டயரில் காற்றைக் காலையிலேயே பாருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள், உப்புப் போட்ட மோர் எங்கேயும் கிடைக்கும். லைட்டர், சென்ட் பாட்டில் எதையும் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். மகள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள்.

அடுத்து புழுதிக்காற்றைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி ஒரு தட்டில் மாம்பழத் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே, "நீங்க வேலைக்குன்னு போனீங்க, அதான் உனக்கு எல்லாம் கஷ்டமாவே தெரிஞ்சிருக்கு. நாங்க சுத்திப் பாக்கத்தானேக்கா போறோம்" என்றாள்.

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அவ்ளோதான், வேற ஒன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாம்பழத்தை எடுத்துக்கொண்டேன்.

கிளம்பிப் போன பிறகு தினமும் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஐந்தாம் நாள் மணல்மேட்டில் மூன்று பேரும் சூரிய உதயத்துக்கு முன்னால் நின்ற படம். நான் சொன்ன நேரத்துக்கே எழுந்து போயிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏதாவது ஒரு சின்னச் சங்கடம் வரக்கூடாதா, கார் ஏசியாவது வேலை செய்யாமல் போகக்கூடாதா என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அவர்கள் பிகானேருக்குப் போகிற நாள். மதியம் போன் போட்டால் இரண்டு நம்பரும் போகவில்லை. அந்தப் பக்கம் பெரிய புழுதிக்காற்று என்று செய்தியில் ஓடியது. அதில் ஒருதரம் நாங்கள் மாட்டியிருக்கிறோம். மேற்கே வானம் பழுப்பாகி, பத்து நிமிஷத்தில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. சாலையை விட்டு நன்றாக இறக்கி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற லாரி அந்த விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று வந்து மோதும். இதைத்தான் நான் சொல்லவில்லை.

முதல் ஷிஃப்ட் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தபோது நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டுமென்றேதான் விட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அன்னிக்குக் கிளம்பும்போதே வாசல் கேட் பக்கத்துல நின்னு, உன் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிட்டேன்" என்றார். "நீ பாதியில நிறுத்தினதப் பாத்தேன்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பொழுது சாயும்போது தங்கச்சி கூப்பிட்டாள். முக்கால் மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டுக் காருக்குள் இருந்தார்களாம். கொஞ்ச தூரத்தில் இரண்டு வண்டி மோதிக் கிடந்ததாம். "நீயும் மாமாவும் சொல்லலைன்னா நாங்க என்ன ஆயிருப்போமோ" என்றாள். பிறகு, "இந்த வெயில்ல எப்பிடிக்கா ரெண்டு வருஷம் இருந்த?" என்று கேட்டாள். யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

நான் சொல்லவில்லை, உன் மாமா மட்டும்தான் சொன்னார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். பத்திரமா வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். விடிகாலையில் அந்த மணல் காலுக்கு எப்படிக் குளிர்ச்சியாக இருந்தது என்று அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். பகலில் சுட்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். அது குளிரும் என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு பேருக்கும் காபி கலந்து கொடுத்தேன். பொறாமை அப்படியேதான் இருந்தது.