ஒற்றைக் காது யானை

பஞ்சு அடைக்கும்போது மின்விசிறியைப் போடக் கூடாது. இலவம்பஞ்சின் குணம் அப்படி. கொஞ்சம் காற்று பட்டால் போதும், அறை முழுக்கப் பறந்து மூக்கிலும் இமையிலும் மூடாத சோற்றுப் பானையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் சித்திரை வெயிலிலும் சன்னலைச் சாத்திவிட்டு, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நானும் என் ஓரகத்தியும் துணி யானை செய்வோம். ஊர்க்கதை பேச அதைவிடத் தோதான வேலை கிடையாது. துண்டுக்குள்ளிருந்து பேசினாலும் அவள் சொல்வது எனக்குப் புரியும்.

கள்ளிக்குப்பத்தில் எங்களுடையது கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன். கீழே நானும் என் கணவரும். மேலே கொழுந்தனும் அவன் மனைவியும். கல்யாணத்துக்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கத்தரியில் நல்ல கை. அவள் வெட்டித் தருவாள், நான் தைப்பேன், பஞ்சு மட்டும் சேர்ந்து அடைப்போம். யானை, மீன், பூசணிக்காய் எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற அளவு. வாங்குகிறவர்கள் புது அடுக்குமாடிகளில் குடியிருக்கும் இளம் அம்மாக்கள். பிளாஸ்டிக் கூடாது, சாயம் கூடாது, கண்ணுக்குப் பொத்தான் கூடாது, பிள்ளை பிய்த்து விழுங்கிவிடும் என்பார்கள். நியாயம்தான். கண்ணை நூலிலேயே போட்டுவிடுவோம். ஒருத்தி பஞ்சும் ஆர்கானிக்தானா என்று கேட்டாள். இலவ மரத்துக்கு எவன் உரம் வைக்கிறான் என்று நான் திருப்பிக் கேட்டேன். ஓரகத்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அந்தம்மாவைச் சமாதானப்படுத்தினாள். அதற்குப் பிறகு போன் பேசுவது அவள் இலாகா ஆகிவிட்டது. நான் கோபக்காரி. கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று என் கணவர் சொந்தக்காரர்களிடம் எனக்காகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

வெளியே கொடுக்கிற பொம்மைக்குச் சாயமேறாத புதுக் கோராத் துணிதான் எடுப்போம். பழைய துணியில் தைத்தால் யார் வாங்குவார்கள்? ஆனால் சொந்த வீட்டுப் பிள்ளைக்கு நேர்மாறு. பிறந்ததும் முதலில் உடம்பில் படுவது பழைய வேட்டி, பழைய சேலை. பல தடவை துவைத்து நைந்த பருத்திதான் பச்சைப் பிள்ளைக்கு உறுத்தாது. அதுவும் பிறந்த பிறகுதான். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்காதே என்பார்கள். எங்கள் வீட்டில் பேர் மட்டுமில்லை, ஒரு தையல்கூடப் போடக் கூடாது.

நான் உண்டாகியிருந்தபோது அந்த ஒரு விஷயத்தில் வாய் பேசாமல் அடங்கி இருந்தேன். எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்கிற நான், அதை மட்டும் கேட்கவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் யானை தைத்தேன். என் பிள்ளைக்கு என்று ஒரு நூல்கூடக் கோக்கவில்லை. என் அரக்குக் கலர் சேலை ஒன்று முந்தானைப் பக்கம் கிழிந்திருந்தது. தலையணை உறைக்கு ஆகும் என்று ஓரகத்தி கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

எட்டாம் மாதம் பிள்ளை அசைவது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் வலி வரவைத்து எடுத்தார்கள். பெண். என் கணவர் பார்த்தார். நீ பார்க்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள், சரி என்று தலையாட்டினேன். பால் கட்டிக்கொண்டதற்கு ஆவடியிலிருந்து அம்மா வந்து மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினாள். இரண்டொரு நாளில் அதுவும் வற்றியது. வீடு திரும்பியபோது வீட்டில் எதுவும் இல்லை. சட்டை இல்லை, கிலுகிலுப்பை இல்லை, தொட்டில் கயிறு இல்லை. சொன்னபடி கேட்டதற்கு எனக்குக் கிடைத்தது அதுதான். கண்ணில் படாமல் எடுத்து ஒளித்து வைப்பதற்குக்கூட ஒரு பொருள் இல்லை.

வீட்டில் யாரும் அவளை அவள் என்று சொன்னதில்லை. அந்த விஷயம் என்பார்கள். என் கணவர் அந்தச் சமயத்துல என்பார். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

மறுபடி மிஷினில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. ஒருநாள் பால்காரர் திரிந்த பாலை ஊற்றிவிட்டுப் போனார். நான் எதுவும் சொல்லாமல் அதைக் கீழே கொட்டிவிட்டுக் கடுங்காப்பி போட்டேன். நான் அழாததைவிட அதுதான் என் கணவரைப் பயமுறுத்தியது. சண்டை போடுவதற்குத் தோதாக ஏதேதோ சொல்லிப் பார்த்தார், பாவம். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஓரகத்தி கீழே இறங்கி வருவதை நிறுத்திவிட்டாள். காய்கறி வண்டி வந்தால் மேலேயிருந்து கயிறு கட்டி இறக்குகிற கூடை ஒன்று உண்டு. வெட்டிய துணியை அதில் வைத்து இறக்குவாள். நான் தைத்துத் திருப்பி அனுப்புவேன். கட்டுச் சரியா இருக்கான்னு பாருக்கா என்று மேலேயிருந்து குரல் மட்டும் வரும். பிறகு அவளுக்கும் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அப்போது எனக்கு விளங்கிவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரி, என் நிழல் படக் கூடாது என்று பயப்படுகிறாள். வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். நாளைக்குப் பிள்ளை பிறந்தால் தூக்க விடுவார்களா என்பதும் சந்தேகம்தான். இதையெல்லாம் யோசித்தபோது எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. பஞ்சை மட்டும் தனியாக அடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாங்காட்டிலிருந்து ஓர் அம்மாவின் ஆர்டர் வந்தது. தன் பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு யானை. சாயங்காலம் அந்தம்மாவே வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. மத்தியானம் மூட்டை கட்டும்போது பார்த்தால் ஒரு யானையின் வயிற்றை எலி கடித்து வைத்திருந்தது. வெட்டிய துணி மிச்சமில்லை. மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். ஓரகத்தி செக்கப்புக்குப் போயிருந்தாள். ஷிப்டு முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த கொழுந்தன் எழுந்து வந்தான். மேலே உபரியாக யானை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே போய்த் தேடிவிட்டு வந்தான்.

“பீரோல ஒண்ணு கீது அண்ணி, பொடவைக்கு அடியில. கூடைல உடறேன்.”

கூடை இறங்கி வந்தது. எடுத்தேன். அது கோராத் துணி இல்லை. உடம்பு என் அரக்குச் சேலை. காது, என் கணவர் லேத் பட்டறைக்குப் போட்டுக்கொண்டு போன பழைய கட்டம் போட்ட சட்டை. ஒரு காதுதான் இருந்தது. இன்னொரு காது இருக்க வேண்டிய இடத்தில் ஊசி இறங்கிய தடமும், பாதியில் அறுந்த நூலும் இருந்தன. கண்ணை மட்டும் அழகாகப் போட்டிருந்தாள்.

பழைய துணியில் நாங்கள் யாருக்கும் தைப்பதில்லை. என் சேலையும் அவர் சட்டையும் சேர்ந்த ஒரு யானை யாருக்காக இருக்க முடியும் என்று எனக்கு ஒருவர் சொல்லத் தேவையில்லை. மிஷின் மேல் அதை நிற்க வைத்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை.

ஆட்டோவில் வந்து இறங்கிய ஓரகத்தி படியேறப் போனவள், திறந்திருந்த என் வாசல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள். அப்படியே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். முகம் ஊதியிருந்தது.

“பொறக்கறதுக்கு முன்னாடி தைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சுகினே தச்சேன்க்கா,” என்றாள். “நீதான் தைக்க மாட்டேன்னு இருந்தியே, பாப்பா வந்தவுடனே கைல குடுக்கலாம்னு ஆசை. இந்தக் காதத் தச்சுகினு இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. என் கைதான்க்கா. நான்தான் முந்திகினேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு உன் எதுர்ல வந்து நிக்கிறது?”

நான் நினைத்திருந்ததை அவளிடம் சொன்னேன். என் நிழலுக்குப் பயந்துதான் நீ வரவில்லை என்று இருந்தேன் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி ஒரு நினைப்பு அவளுக்குக் கனவிலும் வந்திருக்கவில்லை என்பது அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பழியைச் சுமந்துகொண்டு, நடுவில் ஒரு கூடையைத் தொங்கவிட்டு வைத்திருந்தோம்.

“திட்டுக்கா,” என்றாள். “உன் வாயால நாலு வார்த்தை திட்டிடு.”

திட்ட வரவில்லை. “நான் ஒரு தையல்கூடப் போடலையே,” என்றேன். “சொன்னபடிதானே கேட்டேன். எனக்கு மட்டும் ஏன் போச்சு?”

அவள் யானையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அறுந்த நூலைத் தடவினாள். அந்தச் சட்டைத் துணி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். மேலே போய் எடுத்து வந்தாள். பீரோவில் அதையும் பத்திரமாக மடித்து வைத்திருந்திருக்கிறாள். அவளே காதை வெட்டிக் கொடுத்தாள். நான் கையால் தைத்தேன். தும்பிக்கை தளர்வாக இருந்ததால் அடியைப் பிரித்து இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தோம். விசிறியை அணைத்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டு, பழையபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

சாயங்காலம் மாங்காட்டு அம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். நல்ல மாதிரி. ஒரு யானை குறைகிறது, எலி கடித்துவிட்டது என்று சொன்னேன். பரவாயில்லை என்றவள் மிஷின் மேலிருந்ததைப் பார்த்தாள். அதையே கொடுத்துவிடுங்களேன், கலரும் நன்றாக இருக்கிறது என்றாள்.

“அது குடுக்கிறதுக்கு இல்லைங்க. எங்க பொண்ணோடது.”

வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எனக்கே திக்கென்று இருந்தது. ஓரகத்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்படியா, பாப்பா எங்கே, தூங்குறாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் இடுப்பிலிருந்த பிள்ளை எட்டி, யானையின் தும்பிக்கையைப் பிடித்து இழுத்தது. வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. பிள்ளைகள் அப்படித்தான் செய்யும், அதற்காகத்தான் நாங்கள் பொத்தானும் சாயமும் இல்லாமல் செய்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வயது நிரம்பாத அந்தப் பிள்ளையின் மேல், அதன் கொழுகொழு கையின் மேல் வந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன.

“விடச் சொல்லுங்க,” என்றேன். மாடிக்குக் கேட்கிற குரல். “அவ வயித்துலயே போயிட்டா. அவளுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். விடச் சொல்லுங்க.”

அந்தம்மா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளை வீறிட்டு அழுதது. மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனிமேல் அவளிடமிருந்து ஆர்டர் வராது. எச்சில் பட்ட தும்பிக்கையை முந்தானையில் துடைத்து, யானையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஓரகத்தி அந்தம்மாவைச் சமாதானப்படுத்தப் போனை எடுக்கவில்லை. எழுந்து போய், பஞ்சு பறக்கும் என்றும் பார்க்காமல் விசிறியைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.