வெள்ளச்சி வராத வானம்

தொண்ணூறுகளில் என் கணவருக்குப் புறாப் பந்தயம் என்றால் உயிர். குஞ்சு பொரித்த தாய்ப்புறாதான் வேகமாக வீடு திரும்பும் என்று சொல்லி, வெள்ளச்சியைப் பிடித்துக் கூடையில் அடைத்தார். கைக்குழந்தையோடு நின்ற எனக்கு மனசே ஒப்பவில்லை.

"குஞ்சு ஊட்ல கீது. எங்க வுட்டாலும் வந்துருவா, பாரேன்" என்றார்.

அவருடைய நண்பர் காசிம் அதை ரயிலில் சூலூர்பேட்டைக்குக் கொண்டுபோனார். அங்கே ஏரிக்கரையில் பறக்கவிட வேண்டும். அன்றைக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடப்போவது எங்களுக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவே மொட்டைமாடியில் நின்றது. வடக்கே வெள்ளைக் கோடு ஒன்று மேலேறியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு புறாவுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

சாயங்காலம் காசிம் வெறும் கூடையோடு வந்தார்.

"அப்பத்தான் வுட்டேன் அண்ணாத்தே. தரையே அதிர்ந்துச்சு. ஏரியில இருந்த நாரை, கொக்கு அத்தினியும் கத்திக்கினு எழும்பிச்சு. அதுங்க நடுவுல நம்ம வெள்ளச்சி எந்தப் பக்கம் போச்சுனே தெர்ல."

ஆண்புறா தனியாக இரை ஊட்டிப் பார்த்தது. இரண்டு குஞ்சுகளில் ஒன்று செத்துப்போனது.

"பெத்தத வுட்டுட்டு எங்கியோ ஓடிட்டா பாரு" என்று சிரித்தார் பக்கத்து வீட்டு அக்கா. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் அழுதேன்.

பிள்ளையை விட்டுப் போனவள் என்று யாரைப் பழித்தாலும் இன்றுவரை என் காது கூசுகிறது. அவளும் வீட்டுக்குத்தான் கிளம்பியிருப்பாள்.