பதினோரடி வீடு

அப்பாவுக்குக் கம்பெனியில் அளவு பார்க்கிற வேலை. லைனில் வரும் இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கருவியில் வைத்துப் பார்ப்பார். தலைமுடி கனத்துக்குக் கூடக் குறைய இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் தூக்கிப் போட்டுவிடுவார். சூப்பர்வைசரே வந்து "பரவால்ல, வுடுப்பா" என்றாலும் விடமாட்டாராம். அதை வீட்டில் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் சேரப்பணஞ்சேரியில் எங்களுக்கென்று ஒரே ஒரு அறை வைத்து மரவீடு கட்ட ஆரம்பித்தபோது, ஒரு சுவரை ஒழுங்காக அளக்கத் தெரியாமல் தெருவே சிரிக்கும்படி ஆனார். நானும் சிரித்திருக்கிறேன். அப்போது நான் நான்காம் வகுப்பு.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அம்மா உத்திரமேரூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் கூட்டிப்போகவில்லை என்றும், நாலு நாளில் வந்துவிடுவதாகவும் சொன்னாள். நான் அந்த நாலு நாளை விரல்விட்டு எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். அங்கே ஒரு அறை எங்களுடையது, அடுப்பு பொது. பெரியம்மா கெட்டவள் இல்லை. சோறு போடுவாள், தலை பின்னிவிடுவாள். ஆனால் பின்னி முடிக்கிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டாள். பெரியப்பாவின் பையன்கள் இருவரும் பெரிய வகுப்பு, டியூஷன் போய்விடுவார்கள். அப்பா கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்க ஆறு மணி ஆகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அந்த ஆறு மணி வரைக்கும் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் நைட்டி ஒன்று கொடியிலேயே கிடந்தது. அதை யாரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவிடவில்லை. அம்மா இல்லாத வீட்டில் சாயங்காலம் மாதிரி கொடுமை எதுவும் இல்லை என்று ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா எப்போது வருவாள் என்று தினமும் நச்சரித்தேன். ஒரு நாள் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"உங்கம்மா தனி வூடு கேட்டா. அது இருந்தா வந்துடறேன்னா. கட்டிடலாம், வுடு."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. காரணம் தெரிந்துவிட்டது. பெரியம்மாவின் அடுப்பில் அம்மாவுக்கு முறைவைத்துச் சமைக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே. வீடு கட்டினால் தீர்ந்தது.

பெரியப்பா வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் பங்காகக் கொஞ்சம் இடம் முள் மண்டிக் கிடந்தது. செங்கல்லும் சிமெண்டும் வாங்க வசதியில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு மெஷின்கள் பெரிய பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். பெட்டியைப் பிரித்துவிட்டுப் பலகைகளை ஒரு காண்ட்ராக்டர் மொத்தமாக எடுத்து விற்பார். ஊரில் பாதி ஆட்டுக்கொட்டகையும் டீக்கடையும் குளியல் தடுப்பும் அந்தப் பலகைதான். வெளுப்பான மரம், புதிதாகப் பிரித்தால் ஒரு வாசனை அடிக்கும். பலகைகளில் குடை, கண்ணாடிக் கோப்பை, மேலே பார்க்கும் அம்பு எல்லாம் கறுப்பு மையில் அச்சடித்திருக்கும். மழையில் நனைக்காதே, உடைத்துவிடாதே, தலைகீழாக வைக்காதே என்று அர்த்தமாம்.

ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டைக்குப் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து வேலையை ஆரம்பித்தார் அப்பா. தினசரிக் காலண்டர் அட்டையைத் திருப்பினால் மனையடி சாஸ்திரம் போட்டிருக்கும். எத்தனை அடி அகலம் இருந்தால் என்ன பலன் என்று வரிசையாக இருக்கும். அதை நான் உரக்கப் படித்தேன், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்பது ஆகாது. பத்து என்றால் கால்நடை பெருகும். எங்களிடம் ஒரு கோழிகூடக் கிடையாது. பதினொன்று என்றால் பால்சோறு. பன்னிரண்டு மறுபடி ஆகாது.

"பதினொண்ணு வெச்சிக்கலாம்பா" என்றேன். எனக்குப் பால்சோறு பிடிக்கும்.

அகலம் அப்படித்தான் முடிவாயிற்று. அப்பா சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டார். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, அடுப்பு மேடை எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டார். அடுப்பிலிருந்து பார்த்தால் தெரு தெரியவேண்டும், அம்மா சமைக்கும்போது வேடிக்கை பார்ப்பாள் என்றேன். அப்பா கோட்டை அழித்து ஜன்னலை அந்தப் பக்கம் மாற்றினார். குடை அச்சடித்த பலகை ஒன்றை நானே பொறுக்கி எடுத்து வாசலுக்கு மேலே அடிக்கச் சொன்னேன். கூடவே ஒரு திருஷ்டி பொம்மையும் கட்டினோம்.

"அம்மாகிட்ட வூட்டப் பத்தி மூச்சு வுடாத" என்றார் அப்பா. "அரகொறையா நிக்கும்போது சொன்னா கண்ணு பட்டுடும். முடியட்டும்."

அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் போனில் என்னோடு பேசுவாள். சாப்பிட்டாயா, பேன் பார்த்தார்களா, என்ன மார்க் என்று கேட்பாள். வீட்டுப் பேச்சு தொண்டை வரைக்கும் வரும், முழுங்கிவிடுவேன். என் வயதுக்கு அது லேசான காரியமில்லை.

முதல் சுவர் தப்பானது நியாயமான தப்புதான். அப்பா பலகைக்கு வெளிப்பக்கம் டேப்பைப் பிடித்துப் பதினோரு அடி எடுத்துவிட்டார். பெரியப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மனையடின்னா உள்ளளவுடா. வெளிய அளந்துகினு கீற. நீ வெளியவா படுக்கப் போற?"

பிரித்தோம். பிரிப்பது என்றால் ஆணியெல்லாம் பிடுங்கவேண்டும். வளைந்த ஆணியைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவது என் வேலை. கட்டை விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனது. வகுப்பில் அதைக் காட்டி, எங்கள் வீடு கட்டுகிறோம் என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் முறை சுவர் எழுந்தபின் அப்பா உள்ளே டேப்பை நீட்டிப் பார்த்து, ஒரு விரற்கடை குறைகிறது என்றார். பிரித்தோம். அடுத்த முறை, வெயிலில் மரம் காய்ந்து சுருங்கிவிட்டது என்றார். அதற்கடுத்து வாசல் கொஞ்சம் மூலைப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றார். கோடை விடுமுறை வந்து போயிற்று. ஐந்தாம் வகுப்புப் புத்தகம் வந்தது. மெஷின் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன, எங்கள் பலகைகளில் ஆணி ஓட்டைகள்தான் கூடிக்கொண்டே போயின. பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"கம்பெனில மில்லி மில்லியா பாக்கறவனுக்கு வூட்ல அடி டேப்பு புடிக்கத் தெரியல. இன்னாடா ஆச்சி உனுக்கு?"

அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குப் பெரியப்பாவின் மேல் கோபம் வந்தது, அப்பாவின் மேல் அதைவிட அதிகமாக வந்தது. சாயங்காலங்களில் கூரையில்லாத அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அடுப்பு வரப்போகிற இடத்தில் நின்று ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன். ஷிப்டு முடிந்த தெற்கத்திப் பையன்கள் மெஸ் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தங்கள் அறைகளுக்குப் போவார்கள். அவர்களும் யாரோடும் பேசாமல்தான் போவார்கள். வீடு முடிந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சொல்லும்போதே அழுகை வரும்.

ஆடி மாதம் நாலு சுவரும் நின்றன. கூரைக்கு ஷீட்டும் வந்து இறங்கிச் சாய்த்து வைத்தாயிற்று. அன்றைக்கு அப்பா உள்ளே போய் அளந்துவிட்டு வந்து, பெரியப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"பக்கத்துச் சொவுரு ஒரு அங்குலம் உள்ள வந்துருக்குண்ணா. ஞாயித்துக்கெழம பிரிச்சிடறேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. காலையிலேயே கிளம்பிப் போனார். கேமரா வைத்த போனைக் கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்பதால் போன் வீட்டில் இருந்தது. டேப்பும் இருந்தது. ஒரு அங்குலம் எங்கே உள்ளே வந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. டேப்பின் நுனியை ஒரு சுவரோடு ஒட்டி, மேலே செங்கல்லை வைத்து அழுத்திவிட்டு, எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். பதினொன்று. சரியாகப் பதினொன்று. சந்தேகப்பட்டு மூலைக்கு மூலை தள்ளிவைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் பதினொன்றுதான்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா மறுபடியும் தப்பாகப் பார்த்திருக்கிறார். பிரிக்கவே வேண்டாம். ஷீட்டைத் தூக்கிப் போட்டால் முடிந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் போன் வந்தது.

"சாப்ட்டியாடி?"

"ம்மா, வூடு முடிஞ்சிடிச்சிம்மா. நீ கெளம்பி வந்துடு."

"எந்த வூடு?"

நான் சிரித்துவிட்டேன். தெரியாத மாதிரி கேட்கிறாள் என்று நினைத்தேன்.

"நீ கேட்டல்ல, தனி வூடு. அதான் அப்பா கட்னாரு. பெரியம்மாகூட இருக்க வேணாம்மா. தனி அடுப்பு கீது. அடுப்பாண்ட நின்னா தெரு தெரியும். வாசலுக்கு மேல கொட கீது."

"நான் எப்படி..." என்று தொடங்கி அம்மா நிறுத்திக்கொண்டாள். பின்னால் மாமா வீட்டு டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. "நான் கேட்டேன்னு உங்கப்பாவா சொன்னாரு?"

"ஆமா."

டிவி சத்தம் தூரமாயிற்று, அம்மா வாசலுக்கு வந்துவிட்டாள் போல.

"நல்லா கீதா வூடு?" என்றாள். சளி பிடித்தவள் குரல் மாதிரி இருந்தது.

"சூப்பரா கீதும்மா. எப்ப வர?"

"ஒழுங்கா படி. பெரியம்மா சொல்றதக் கேளு, இன்னா?"

லைன் போய்விட்டது. அம்மாவுக்கு பேலன்ஸ் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அப்பா வந்து இறங்கியபோது நான் தெருமுனையிலேயே நின்றேன். கையைப் பிடித்து நேராக வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனேன்.

"பதினொண்ணு கரெக்டா கீதுப்பா. நானே அளந்தேன். பிரிக்காத. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

அப்பா சாய்த்து வைத்த ஷீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னா சொன்னா?"

"எந்த வூடுன்னு கேட்டா."

அப்பா தரையைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். திட்டவில்லை.

"அப்பறம்?"

"நல்லா கீதான்னு கேட்டா. சூப்பரா கீதுன்னேன்."

"நல்லதா சொன்னே" என்று என் தலையில் கைவைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது. எனக்குக் கழுத்து வலித்தது, ஆனாலும் நகரவில்லை.

அம்மா வீடு கேட்கவே இல்லை. அவள் போனதற்கும் வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. வீடு முடியாமல் நிற்கிறவரைதான் அவள் வராததற்கு எங்களிடம் ஒரு காரணம் இருந்தது. அது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே அப்பா சுவர்மேல் ஏறிவிட்டார். பெரியப்பா கீழேயிருந்து ஷீட்டைத் தூக்கிக் கொடுத்தார். "அளந்து பாத்துக்கறியாடா?" என்று டேப்பை நீட்டினார். "வேணாண்ணா, போதும்" என்று அப்பா ஷீட்டைக் கண்மட்டத்திலேயே வைத்துக் கொக்கியை முடுக்கினார். ஒரு ஷீட் கொஞ்சம் வெளியே நீண்டது, இன்னொன்று உள்ளே போனது. அதைத் திருத்தவில்லை. மத்தியானத்துக்குள் கூரை முடிந்து, கதவும் மாட்டியாயிற்று. டேப் கீழே மண்ணிலேயே கிடந்தது. இத்தனை மாதம் இழுத்தடித்த வேலை ஒரே நாளில் ஒரு தடவைகூடப் பிரிக்காமல் முடிந்ததைப் பார்த்து, அப்பாவுக்கு ஒருவழியாக அளவு பிடிபட்டுவிட்டது என்று நான் கைதட்டினேன்.