அக்காளின் பதினோரு பனை

சுடலைராஜ் புறவாசலில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அவருக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான். அதையும் அவர் மனைவி முருகேஸ்வரி பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

“செதிலு அப்படியே இருக்கு. மீனுக்கு டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கீங்களா?”

“வாலுகிட்ட கொஞ்சந்தான் இருக்கு.”

“இருக்கட்டும். திங்கையில தொண்டைக்குள்ள போயி அதுவா உதிர்ந்துக்கிடும்.”

அந்த மீனை விற்றுவிட்டுப் போனவன் தெருமுனை திரும்பும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனான். உடன்குடியில் முருகேஸ்வரிக்கு எதையாவது விற்றவர்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். சொன்ன விலைக்கு அவள் எதையும் வாங்கியதில்லை. மீன் மட்டுமில்லை, சேலை, சிமெண்ட், மகளின் பிரசவத்துக்கு எடுத்த ஸ்கேன், எல்லாவற்றுக்கும் பேசினாள். பேசாமல் காசை நீட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. கேட்டவுடனே குறைத்துத் தருகிறவனைக் கண்டால் அதைவிட ஆகாது. “அப்பம் மொதல்ல சொன்னது களவு” என்பாள். விலை என்றால் இரண்டு பேரும் வாய் வலிக்கப் பேசி, ஒருவரையொருவர் நாலு வார்த்தை குறை சொல்லி, கடைசியில் இரண்டு பேருக்கும் லேசான வருத்தத்தோடு வந்து நிற்க வேண்டும். அதுதான் அவள் கண்ட நேர்மை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. முருகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவள் தம்பி காசிலிங்கம் இறங்கினான். பின்னாலேயே அவன் பெண்டாட்டி ஜெயசெல்வி, கையில் ஜவுளிக்கடைப் பை, வாழைப்பழச் சீப்பு, தூத்துக்குடி மக்ரூன் டப்பா.

“உங்க மாப்ள வாரான்” என்றாள் கணவரிடம். “பத்திரிகை இல்லாம வாரான். யாருக்கும் கல்யாணம் இல்ல போலருக்கு. அப்பம் வேற என்னமோ.”

வேற என்ன என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாரமாக ஊரே பேசிக்கொண்டிருந்தது. பனை நிற்கும் தம்பியின் செம்மணல் தேரிக்காட்டு நிலத்தை யாரோ கோயம்புத்தூர் பார்ட்டி கேட்கிறது, சோலார் தட்டு போடப் போகிறது, நிழல் விழாத வெறும் மண்ணாக வேண்டும் என்கிறது.

அந்த நிலத்தில்தான் முருகேஸ்வரியின் பதினோரு பனை நின்றது. நிலம் அவளுடையது இல்லை. கல்யாணத்தின்போது அவள் அப்பா சீதனமாக மரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். மண் மகனுக்கு, அதில் நிற்கும் பதினோரு மரம் மகளுக்கு. அந்தப் பக்கத்தில் அது பழைய வழக்கம். மண்ணுக்கு ஒரு ஆள், மரத்துக்கு ஒரு ஆள் இருப்பது யாருக்கும் விநோதமாகத் தெரியாது. மண்ணைக் கொடுக்க மனசு வராத அப்பன்மார், கொடுத்த மாதிரியும் இருக்கட்டும், கொடுக்காத மாதிரியும் இருக்கட்டும் என்று கண்டுபிடித்த வழி அது என்பது முருகேஸ்வரியின் எண்ணம். அப்பா செத்த வீட்டிலும் அவள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அதில் ஒரு சட்டம் உண்டு. மரத்தில் இருக்கிறவரைதான் மரத்துக்காரிக்கு. கீழே விழுந்தால் மண்ணுக்காரனுக்கு. பனம்பழம் தானாக விழுந்தால் தம்பிக்கு. காய்ந்த ஓலை காற்றில் விழுந்தால் தம்பிக்கு. ஆடிக் காற்று கிளம்புவதற்கு முன்னால் கூலி கொடுத்து ஆள் ஏற்றி ஓலையை வெட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் அவள் ஓடுவாள். அவள் போவதற்குள் ஜெயசெல்வி கடகப் பெட்டியோடு கீழே நிற்பாள். ஜெயசெல்வி புதுப்பெண்ணாக இருந்தபோது ஒரு தடவை முருகேஸ்வரி தன் மரத்தடியில் இரண்டு ஆட்டைக் கட்டிவிட்டாள். ஜெயசெல்வி வந்து பார்த்தாள்.

“மைனி, மரந்தான உங்களுக்கு? நிழலு எங்க மண்ணுலல்லா விழுது?”

அன்றைக்கு அவிழ்த்துக்கொண்டு வந்த ஆட்டை அவள் மறுபடி அங்கே கட்டவில்லை. அதற்கப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றி அவள் நல்ல வார்த்தை எதுவும் பேசியதும் இல்லை.

தம்பியைப் பற்றிப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. நல்லவன். நல்லவன் என்பதைத் தவிர அவனிடம் ஒன்றும் இல்லை என்று அவள் சொல்வாள். தூத்துக்குடிக்கு வெளியே, புதுக்கோட்டையில் ரோட்டோரமாக டைல்ஸ் கடை வைத்திருந்தான். பாத்ரூம் டைல்ஸுக்கு வருகிறவனிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ரூபாய் ரூபாயாகப் பேசுவான். ஆனால் இந்த முப்பது வருஷத்தில், ‘யக்கா, உன் மரம் எப்படி இருக்கு, இந்த வருஷம் யாருக்குக் குத்தகைக்கு விட்டிருக்க’ என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. ‘நம்ம மரம்’ என்பான். ‘அப்பா மரம்’ என்பான். கடைக்கு வருகிற யாரோடு பேசினாலும் ‘எங்க பனைமரம்’ என்பான். அக்காளுக்கு எழுதிக் கொடுத்தது அவன் மூளையில் தங்கவேயில்லை.

மரத்தை அவளுடையது என்று ஒத்துக்கொண்டவன் இந்த உலகத்தில் ஒருவன்தான், பனையேறி ஜெயசிங். தை பிறந்ததும் வருவான். முற்றத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு மரமாகக் குறை சொல்வான். அது வளைஞ்சு நிக்கி, இது பாளை விடாது, அதுல ஏறுனா எம்பெண்டாட்டி தாலிக்கு உத்தரவாதம் கிடையாது. இவளும் விடமாட்டாள். நீ ஏறுத ஏத்தத்துக்கு மரமே வெக்கப்பட்டு வளைஞ்சிருக்கும்பாள். இரண்டு நாள் பேசி, மூன்றாம் நாள் கொஞ்சம் பணம், கொஞ்சம் கருப்பட்டி என்று முடியும். அந்த இரண்டு நாளும் முருகேஸ்வரி சந்தோஷமாக இருப்பாள். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கும்.

இப்போது தம்பி முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி வந்தது. குடித்தான்.

“கருப்பட்டிக் காப்பின்னா உன் கை காப்பிதான்க்கா. அம்மா போட்ட மாதிரியே இருக்கு.”

“அம்மாவுக்குக் காப்பி போடத் தெரியாது. அப்பாதான் போடுவாரு.”

காசிலிங்கம் சிரித்தான். அப்பா என்ற சொல் கிடைத்துவிட்டதால் அதைப் பிடித்துக்கொண்டு போனான். அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனது, அப்பா தேரிக்காட்டில் முள் எடுத்துவிட்டது. சுடலைராஜ் கையைக் கழுவிவிட்டு வந்து வாசற்படியருகே நின்றார். அவருக்கு மாமனார் கதையில் கண் கலங்கும். முருகேஸ்வரிக்குக் கழுத்து வலிக்கும்.

“அப்பா ஆசைப்பட்டது என்ன? பிள்ளைக ஒத்துமையா இருக்கணும். இப்பம் அந்த இடத்துக்கு ஒரு நல்ல பார்ட்டி வந்திருக்கு. நம்ம மரம் கொஞ்சம் நிக்கில்லா. அது இருந்தா எடுக்கமாட்டேன்னு சொல்லுதான். நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா…”

சொல்லி முடிப்பதற்குள் ஜெயசெல்வி பையைப் பிரித்துச் சேலையை முருகேஸ்வரியின் மடியில் விரித்துவிட்டாள். மாம்பழ நிறம், அகலக் கரை. விலை குறைந்த சேலை இல்லை. முருகேஸ்வரி கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“எதுக்கு இது?”

“பொறந்த வீட்டுச் சீரு மைனி.”

“சீரா? வீடு பால் காய்ச்சையில வரல. மக பிரசவத்துக்கு வரல. தேரிக்காட்டுக்குப் பார்ட்டி வந்த உடனே சீரு வருது.” சேலையை மடித்துத் தம்பியின் பக்கம் நகர்த்தினாள். “ஏலே, சேலை குடுக்க வந்தியா, மரம் வாங்க வந்தியா?”

“என்னக்கா இப்படிக் கேக்க? வாங்க வந்தியான்னு… கூடப்பொறந்தவகிட்ட யாராவது விலை பேசுவாங்களா?”

“ஏன், என் மரம் விலைக்கு ஆகாதோ?”

“உனக்கு என்ன வேணும்னு சொல்லு. நான் செய்யுதேன். வளையல் வேணுமா, பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டுத் தரணுமா? மனசுல இருக்கதச் சொல்லு.”

“மனசுல ஒண்ணும் இல்ல. தேரிக்காட்டுல பதினோரு பனை இருக்கு.”

தம்பி அத்தானைப் பார்த்தான். சுடலைராஜ் கூரையைப் பார்த்தார். முருகேஸ்வரிக்கு அந்த மரங்களின் மேல் பெரிய பாசம் எதுவும் கிடையாது. வெட்டிப் போட்டால் வெட்டிப் போடட்டும். ஆடிக் காற்றுக்கு முன்னால் ஆள் தேடி ஓடுவது மிச்சம். விற்பதற்கு அவள் போன வாரமே தயார். மனதில் ஒரு விலையும் வைத்திருந்தாள், நியாயமான விலைதான். அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு ஆள் வந்து, இது உன் பொருள், என்ன விலைக்குத் தருவாய் என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. பாத்ரூம் டைல்ஸ்காரன் அதை மட்டும் கேட்காமல் வளையலைக் காட்டுகிறான், அழுகிற பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி.

“யக்கா, நமக்குள்ள என்ன…” என்று காசிலிங்கம் மறுபடி ஆரம்பித்தான்.

“நீங்க சும்மா இருங்க” என்றாள் ஜெயசெல்வி. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். “சரி மைனி. மரம் என்ன விலை?”

முருகேஸ்வரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளை இப்படி நேராகப் பார்த்ததில்லை. பிறகு ஒரு தொகையைச் சொன்னாள். மனதில் வைத்திருந்தது இல்லை, அதைப்போல் மூன்று பங்கு. சொல்லும்போது கண்ணைச் சிமிட்டவில்லை.

சுடலைராஜ் இருமினார். ஜெயசெல்வி அசரவில்லை.

“அதுல ரெண்டு மரம் கொண்டையே இல்லாம மொட்டையா நிக்கே மைனி. இடி விழுந்தது.”

“மொட்டையா இருந்தா என்ன? கிளி குடியிருக்கு.”

“அப்பம் கிளிக்கும் சேத்தா விலை?”

“கிளி வாடகை குடுத்துட்டு இருக்கு. உன்னைப்போல கீழ விழுததப் பெறக்கிட்டுப் போறதில்ல.”

ஜெயசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தன் தொகையைச் சொன்னாள். அது ஒரு அவமானமான தொகை.

“ஏளா, இது மரத்துக்கா, மட்டைக்கா?”

“வெட்டணும்னா பெர்மிஷன் வாங்கணும் மைனி. ஆபீஸ் ஆபீஸா இவுகதான் அலையணும். அந்தச் செலவு எங்க தலையிலதான.”

“அலையட்டும். தொப்பை குறையும்.”

“ஓரத்துல நிக்க நாலும் வளஞ்சிருக்கு.”

“ஜெயசிங்கும் வருசா வருசம் இதத்தான் சொல்லுதான். சொல்லிட்டு, ஏறத்தான செய்யுதான். அத்தனையும் வைரம் பாஞ்ச மரம். அறுத்துச் சட்டம் போட்டா உம்மவன் வீட்டுக் கூரை அவன் பேரன் காலம்வரை நிக்கும். வெறகுக்கா கேக்க நீ?”

முருகேஸ்வரி கொஞ்சம் இறங்கினாள். ஜெயசெல்வி கொஞ்சம் ஏறினாள். மறுபடி ஒரு சுற்று. ஜெயசெல்வி எழுந்து கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். போகமாட்டாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். உட்கார்ந்தாள். முருகேஸ்வரிக்கு முகம் சிவந்து, நெற்றியில் வேர்த்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. இவளிடம் சரக்கு இருக்கிறது என்று நினைத்தாள். கடையில் இவள்தான் உட்கார வேண்டும். இவனை டைல்ஸ் சுமக்க விட வேண்டும். தொகை நெருங்கி வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை தான் இறங்கி ஒரு தடவை அவள் ஏறினால், மனதில் வைத்த இடத்துக்கு வந்து நின்றுவிடும். ஜெயசெல்வி ஏறுவதற்கு வாயைத் திறந்தாள்.

“போதும் செல்வி” என்றான் காசிலிங்கம்.

அவன் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நேரமும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கூனிப்போயிருந்தான். வெளியே யாருக்காவது கேட்குமோ என்று எழுந்து சன்னலைக்கூடச் சாத்திவிட்டு வந்திருந்தான்.

“வீட்டுக்குள்ள வச்சு மாட்டுச்சந்த மாதிரி… எனக்குக் கேக்கவே ஒரு மாதிரி இருக்கு. யக்கா, நீ மொதல்ல என்ன சொன்ன? அதையே குடுத்திருதேன். முழுசாக் குடுத்திருதேன். எங்க வீட்டுல பொறந்த பிள்ள நீ. உனக்குக் குடுத்து நான் கொறஞ்சா போயிருவேன்?”

ஜெயசெல்வி உள்ளங்கையால் மெல்ல நெற்றியில் தட்டிக்கொண்டாள். சுடலைராஜ் மட்டும் சந்தோஷப்பட்டார். கேட்டது முழுசும் கிடைத்துவிட்டதே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

முருகேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். நல்ல சட்டை. பையில் பேனா. அப்பாவின் அதே மூக்கு. அப்பாவும் இப்படித்தான், கொடுக்கும்போது கண்ணீர் விட்டுக்கொண்டு, வாங்குகிறவள் என்ன கேட்டாள் என்று காதில் போட்டுக்கொள்ளாமல் கொடுத்தார். இவன் மரத்தை வாங்கவில்லை. அக்காளுக்கு அள்ளிக் கொடுத்தான். நாளைக்குப் புதுக்கோட்டைக் கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனிடம் எல்லாம், அக்கா வாய் திறந்து கேட்டா, நான் கணக்குப் பாக்கல என்று சொல்லுவான். கேட்கிறவனும் உச்சுக் கொட்டுவான். பதினோரு பனை கடைசிவரை அப்பா மரமாகவே இருந்து, அப்பா மரமாகவே சாயும்.

“மைனி, இவுக கெடக்காக. நாம பேசுவோம்” என்றாள் ஜெயசெல்வி தணிந்த குரலில். “நீங்க கடைசியாச் சொன்னது…”

“இனி என்ன பேச்சு செல்வி? அதான் சொல்லிட்டேனே” என்றான் காசிலிங்கம். பெருந்தன்மை அவன் முகத்தில் வியர்வையோடு சேர்ந்து மினுங்கியது. “வெள்ளிக்கிழம நல்ல நாளு. ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நானே காரு கொண்டுட்டு வாரேன். அத்தானும் வரட்டும். அப்படியே ஓட்டல்ல சாப்பிட்டுட்டு வருவோம். என்னக்கா?”

முருகேஸ்வரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“யக்கா, வெள்ளிக்கிழம வருவியா? கேக்கேன்லா?”

அவள் சுடலைராஜைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு, மீன் கிடந்த புறவாசலுக்குப் போனாள்.