கையில் சார் எண்ணிய அறுபது நாட்கள்

என் மச்சானைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எழுதிவிடலாம். ஒரு தப்பும் செய்யாதவர் என்று எழுதச் சொன்னால்தான் கை ஓடாது. அந்தத் தப்பில் எனக்கும் பங்கு இருப்பதால் இன்னும் ஓடாது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். எங்கள் கால்பந்து கிளப்பில் முப்பது வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறார். நான் அதே கிளப்பில் ஜெர்சியும் சாக்ஸும் துவைத்து, காயவைத்து, எண்ணி அடுக்குகிறவன். எனக்கு முதலில் வேலை வாங்கிக் கொடுத்தாரா, தங்கையைக் கட்டிக் கொடுத்தாரா என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை சண்டை தீரவில்லை.

கிளப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'கையில் சார்' என்றுதான் சொல்வார்கள். ஒப்பந்தம் பேச வருகிற ஆட்டக்காரன் எவனாக இருந்தாலும் அவன் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கையில எவ்வளவு சார் வரும்?" காகிதத்தில் இருக்கிற தொகை அவனுக்கு வேண்டாம். கையில் நூறு என்று பேசினால் நூறு வந்தாக வேண்டும், அதற்கு மேல் போகிற வரி கிளப்பின் தலைவலி. அந்தத் தலைவலியைக் கணக்குப் போடுவது மச்சானின் வேலை. கேலரிக்குக் கீழே அவருடைய அறை. அதில் ஒரே ஒரு சின்ன ஜன்னல், மைதானத்தின் தரை மட்டத்தில் இருக்கும். முப்பது வருட ஆட்டத்தையும் அவர் முழங்காலுக்குக் கீழேதான் பார்த்திருக்கிறார்.

அவர் பெருமைப்பட்டுக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. புல் வெட்டுகிறவர்கள், கூட்டிப் பெருக்குகிற பெண்கள் எல்லோருக்கும் தினக்கூலி. காய்ச்சல் என்று பத்து மணிக்கே வீட்டுக்குப் போனாலும் அவர்களுக்கு முழு நாள் என்றுதான் பதிவேட்டில் எழுதுவார். "கேட்டுக்குள்ள கால் வெச்சா முழு நாள்" என்பது அவருடைய சட்டம். இதற்காகக் கிளப் தலைவரிடமே மல்லுக்கு நின்றிருக்கிறார். தலைவரோ எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். அவரிடம் நின்று ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒரு வருடம் அரசாங்கம் பெரிய சம்பளக்காரர்களுக்கு வரியைச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிற அளவுக்கு ஏற்றியது. அதோடு, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் ஐந்து வருடம் கால்பங்கு வரி போதும் என்று சலுகையும் கொடுத்தது. தலைவர் மச்சானைக் கூப்பிட்டு, இதனால் கிளப்புக்கு என்ன ஆகும் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். மச்சானும் எழுதிக் கொடுத்தார். நம் ஊர்க்காரனுக்குக் கையில் நூறு கொடுக்கக் கிளப்புக்கு இருநூற்றுக்கு மேல் ஆகும், வெளியிலிருந்து வருகிறவனுக்கு நூற்று முப்பத்துச் சொச்சம் போதும். விஷயம் அவ்வளவுதான்.

அந்த வருடம் ஒப்பந்தம் முடிகிற நிலையில் இருந்தவன் எங்கள் கோல் கீப்பர். கிளப்பிலிருந்து மூன்றாவது தெருவில் பிறந்தவன். அப்பா அம்மா இல்லை, அக்காதான் வளர்த்தாள். அக்கா டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஆட்டம் இருக்கிற நாளில் யார் காலிலாவது விழுந்து ஷிப்டை மாற்றிக்கொண்டு, காக்கிச் சட்டையோடு கேலரியில் வந்து உட்கார்ந்துவிடுவாள். தம்பி பந்தைப் பிடித்தால் கைதட்ட மாட்டாள். விட்டால் மட்டும் எழுந்து நின்று திட்டுவாள்.

கூட்டத்தில் தாளைப் படித்தார்கள். நம் ஊர்ப் பையனை நம் ஊரில் வைத்துக்கொள்ளத்தான் அதிகச் செலவு என்று முடிவு பண்ணி, அவனை வெளிநாட்டுக் கிளப் ஒன்றுக்கு அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

அன்று மச்சான் என் துவைக்கிற அறைக்கு வந்து, இஸ்திரி மேஜைமேல் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நான் கணக்கு மட்டும்தான் எழுதினேன்."

"ஆமா, தூக்குக் கயிறு திரிக்கிறவனும் கயிறு மட்டும்தான் திரிக்கிறான்" என்றேன்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். சொல்லியிருக்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் மனிதர் அடுத்த இரண்டு வாரமும் வரிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தார். குடித்ததில் ஒரு வழியும் கண்டுபிடித்தார். யாராக இருந்தாலும் இரண்டு முழு வருடம் வெளியே குடியிருந்துவிட்டுத் திரும்பினால், அவனும் வெளியிலிருந்து வந்தவனாகவே கணக்கு. அந்த இரண்டு வருடமும், வருடத்துக்கு அறுபது நாளுக்கு மேல் இங்கே இருக்கக் கூடாது. அறுபத்தொன்று ஆனால் சலுகை போய்விடும்.

மச்சான் கீப்பரையும் தலைவரையும் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு வருடம் கழித்துச் சலுகையோடு வந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று தலைவரிடம் எழுத்தில் வாங்கினார். கீப்பருக்கு உயிர் வந்தது.

"நாள் கணக்கு எனக்கு ஒண்ணும் புரியாது அண்ணே. நீங்களே பாத்துக்குங்க. நீங்க வான்னா வரேன், போன்னா போறேன்."

மச்சான் அதற்கென்று தனியாக ஒரு டைரி வாங்கினார். அவன் ஊருக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் சிவப்பு மையில் ஒரு டிக். முதல் வருடம் நாற்பதைக்கூடத் தொடவில்லை. இரண்டாவது வருடம் விடுமுறைக்கு வந்து முப்பத்தாறு நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் போன மறுமாதம் அக்காவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது.

அதற்கப்புறம் கிடைத்த விடுப்பிலெல்லாம் ஓடி வந்தான். ஒரு நாள் காலையில் வந்து இறங்குவான், மூன்றாம் நாள் சாயங்காலம் கிளம்புவான். மூன்று டிக். இப்படி எட்டு முறை. எட்டாவது முறை வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் பாதியாகக் கிடந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் நானும் மச்சானும் பார்க்கப் போயிருந்தோம். கீப்பர் எங்களை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமா?"

மச்சான் டைரியைப் புரட்டினார். புரட்டவே தேவையில்லை, அவருக்கு மனப்பாடம்.

"இன்னியோட அறுபது முடிஞ்சுது தம்பி."

உள்ளே படுத்திருந்தவளுக்குக் காது மட்டும் நன்றாகவே கேட்டது. "கெளம்புடா. வண்டிய டைமுக்கு எடுக்கலைன்னா எனக்குப் பிடிக்காதுன்னு தெரியுமில்ல" என்றாள். அவன் கிளம்பினான்.

அவன் போன மூன்றாம் நாள் காலை அக்கா போய்விட்டாள். சோப்புத்தூள் பில்லில் கையெழுத்து வாங்க நான் மச்சான் அறையில் நின்றிருந்தேன். போன் வந்தது. அந்தப் போனில் எதிர்ப்பக்கம் பேசுவது அறை முழுக்கக் கேட்கும்.

"ஒரே ஒரு நாள் அண்ணே. காலையில வந்துட்டு சாயங்காலமே போயிடறேன். அடக்கத்துக்கு மட்டும்."

மச்சான் டைரியை இழுத்துத் திறந்தார். "கால் வெச்சாலே ஒரு நாள் தம்பி. அறுபத்தொண்ணு ஆயிடும். ரெண்டு வருஷம் பட்டதெல்லாம் வீணாயிடும். அக்காவே ஒத்துக்க மாட்டாங்க. வேண்டாம்."

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான்.

அடக்கத்தை நான்தான் போனில் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். "தம்பிக்கு அக்காவவிட வரி பெருசாப் போச்சா?" என்று அவளோடு பஸ் ஓட்டிய ஒருவர் கேட்டார். எனக்கும் அவன்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது என்பதுதான் உண்மை.

வருடம் முடிந்தது. கீப்பர் திரும்பி வருவதற்கான கோப்பை எடுத்துக்கொண்டு மச்சான் வரி அலுவலகம் போனார். அங்கே ஒரு அதிகாரி அம்மா. பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரைகளைப் பார்த்து மளமளவென்று எழுதிக் கூட்டினார்.

"அம்பத்தொண்ணு" என்றார்.

"அறுபது மேடம்" என்றார் மச்சான்.

"தங்கின ராத்திரிதான் சார் நாள். கெளம்பற நாள் சேராது. பரவாயில்ல, ஒம்பது நாள் மிச்சம் வெச்சிருக்கீங்க. ரொம்ப ஜாக்கிரதையான ஆளு."

விடுமுறையோடு சேர்த்து ஒன்பது முறை வந்து போனதற்கு, முறைக்கு ஒரு நாள் வீதம் அதிகம். புல் வெட்டுகிறவர்களுக்குப் போட்ட கணக்கையே மச்சான் கீப்பருக்கும் போட்டிருக்கிறார். காலையில் வந்து சாயங்காலம் போயிருந்தால் அந்த நாள் கணக்கிலேயே வந்திருக்காது. அடக்கத்துக்கு அவன் தாராளமாக வந்திருக்கலாம். அதற்கு முன்னால், அக்கா கண்ணை மூடுகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.

மச்சான் நேராக என்னிடம்தான் வந்தார். நடந்ததைச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வெளிய மூச்சு விடாதீங்க மச்சான். சொன்னா செத்தவங்க வரப்போறாங்களா? அவனுக்கு வேதனை, உங்களுக்கு வேலை போகும், என் வேலையும் போகும்."

என் வேலையைப் பற்றி அந்த நேரத்தில் நான் நினைத்தேன். மறைத்து எழுத மனம் வரவில்லை.

மச்சான் என் பேச்சைக் கேட்டுக்கொண்டார். கீப்பர் வந்து சேர்ந்தான். வந்ததும் முதலில் மச்சான் அறைக்குத்தான் போனான். "நீங்க மட்டும் கணக்கு வெக்கலைன்னா இந்த ஜெர்சிய நான் மறுபடி போட்டிருக்க மாட்டேன் அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, "எங்க அண்ணனுக்கு என்னங்க ஆச்சு?" என்று தினமும் துளைத்தாள். வயசாகிறது என்று ஏதோ சொல்லிவைத்தேன். கட்டிய மனைவியிடம் மூன்று மாதம் பொய்.

ஊர் மறக்கவில்லை. சொந்த மைதானத்தில் அவன் பந்தைத் தொட்டாலே கேலரியில் ஊளையிட ஆரம்பித்தார்கள். ஒரு ஆட்டத்தில் கோல் விட்டான். அவன் அக்கா வழக்கமாக உட்கார்ந்த பக்கத்திலிருந்தே ஒரு குரல் கேட்டது: "அக்கா சாவுக்கு வராதவன் பந்துக்கா வரப்போறான்?" கூட்டம் சிரித்தது. நான் மைதான ஓரத்தில் துண்டுகளோடு நின்றிருந்தேன். கீழே ஜன்னல் வழியாக மச்சானுக்கும் அது கேட்டிருக்கிறது.

மறுநாள் பயிற்சிக்கு முன்னால் மச்சான் நான் ஜெர்சி அடுக்குகிற அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். நாள் கணக்கில் நடந்த தப்பு முழுக்கத் தன்னுடையது, கீப்பர் வரக் கேட்டும் தடுத்தது தானே என்று நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டிருந்தார். கேட்டில் ஒட்டப்போகிறாராம்.

"அவன் வாங்கற திட்டு என்னோடது மாப்பிள்ளை. இனிமே என்னால முடியாது."

தடுக்க வாயெடுத்தேன். அதற்குள் கீப்பர் கையுறை வாங்க உள்ளே வந்துவிட்டான். மச்சான் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டைரி, டிக், ராத்திரிக் கணக்கு, மிச்சம் ஒன்பது நாள். நான் சாக்ஸ் மடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அவன் அடித்தால் குறுக்கே போக வேண்டும் என்று மட்டும் ஒரு எண்ணம் ஓடியது.

அவன் அடிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஒம்பது நாளா?"

"ஆமா தம்பி. என்னை மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு அருகதை இல்ல. இந்தத் தாள ஒட்டிடறேன். ஊருக்கு உண்மை தெரியட்டும். உன்மேல தப்பே இல்ல."

கீப்பர் தாளை வாங்கி மெதுவாகப் படித்தான். படித்துவிட்டு நாலாக மடித்தான்.

"ஒட்டாதீங்க அண்ணே."

"ஏம்பா?"

"அன்னிக்கு நான் போன் பண்ணதே, நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான்." அவன் எங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினான். "ஆஸ்பத்திரியில அந்த மூஞ்சியப் பாத்ததுக்கப்புறம் மறுபடி பாக்கத் தெம்பு இல்லண்ணே. ரெண்டு நாள் இருக்கட்டுமான்னு கேட்டேனே, அப்பவும் அப்படித்தான். நீங்க முடியாதுன்னு சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. வரணும்னு நெனச்சிருந்தா யாரையும் கேக்காம வந்திருப்பேன்ல?"

மச்சான் ஏதோ சொல்லப் போனார். அதற்குள் அவனே தொடர்ந்தான்.

"கணக்குதான் என்னை வர விடலை, கணக்குதான் விடலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். அத வெச்சுத்தான் இத்தனை நாளும் தூங்கினேன்" என்றான். "இப்ப அதையும் எடுத்துட்டீங்களேண்ணே."

எழுந்து கையுறையை வாங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டான். மடித்த தாள் பெஞ்சிலேயே கிடந்தது.

மச்சான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் சொல்லியிருக்கக் கூடாதோ மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

சொல்லாதீர்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். அதை அவனுக்காகச் சொன்னேன் என்று அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மச்சான் நம்பியிருப்பார். என் வேலைக்காகத்தான் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் குனிந்து சாக்ஸை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தேன்.